பேய்க்குப் பல் கட்டியவர்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் மருத்துவமனையின் பின்பக்கம், கழிப்பறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவருடைய வேலை. முன்பக்கம் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். பல்லக்கா அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றுவார். இறுகியதும் பிரித்தெடுத்து, அதன்மேல் மெழுகில் ஈறு வளைத்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவார். ஒரு பல்லை மயிரிழை திருப்பினால் முகமே மாறிவிடும் என்பதால் நிறுத்துவதும் எடுப்பதுமாகவே பாதி நாள் போய்விடும்.

பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் அவர் கண் எதிரே இருப்பவர் வாயில்தான் இருக்கும். "இந்த ஏரியாவுல பாதிப் பேரோட சிரிப்பு என் கைவேலை" என்று கணவரிடம் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போது வலதுகை எழுந்து வாயை மூடிக்கொள்ளும்.

சிறுவயதில் மாடிப்படியில் விழுந்ததில் அவருடைய முன்பல் ஒன்று குறுக்காக உடைந்துபோனது. பக்கத்துப் பல்லும் சும்மா இருக்காமல் அதன்மேல் ஏறி வளர்ந்துவிட்டது. வகுப்பில் யாரோ ஒரு தடவை சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. முதலில் சிரிக்கும்போது மட்டும் கை வாய்க்குப் போனது. பிறகு பேசும்போதும் போனது. கல்யாணமாகி வந்தபோது சும்மா நிற்கும்போதும் அங்கேயே இருந்தது. பல்லக்கா என்ற பெயர்கூட வேலையால் வந்ததா, பல்லால் வந்ததா என்ற சந்தேகம் அவருக்கு வெகுநாள் இருந்தது. கேட்கவா முடியும்?

"ஒரு மணி நேரம் நாற்காலியில உட்காருங்கக்கா, சரி பண்ணிடறேன்" என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். டாக்டர் வயதில் சின்னவர், அன்பானவர், கை சுத்தமான பெண்மணி. "பார்க்கலாம் டாக்டர்" என்று பல்லக்கா நழுவிவிடுவார். விஷயம் இதுதான்: அவருக்கு அந்த நாற்காலியைக் கண்டால் பயம். முன்பக்கம் துளையிடும் சத்தம் கேட்டதும் பின்பக்கம் இவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பல் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு இதை யாரிடம் போய்ச் சொல்வது? கணவருக்கு மட்டும் தெரியும்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி, இருட்டுக் குழிக்குள் நின்று கம்பி வடத்துக்குக் கிரீஸ் போடுகிற மனிதருக்கு வேறு எதன்மேல் பயம் வரும்? வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் போனை எடுத்துச் சாய்த்து வைத்துக்கொண்டு பேய்ப்படம் பார்ப்பார். அதிலும் பெரிய படங்கள் அவருக்குப் பிடிக்காது. நாலு சினேகிதர்கள் சேர்ந்து ஒரு காலி வீட்டில் எடுத்த படம், பேர் தெரியாத ஆட்கள், தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு வரும் பேய். இப்படி இருந்தால்தான் சுவாரஸ்யமாகப் பார்ப்பார்.

"பெரிய படத்துல பேய்க்கு மேக்கப் போடவே ஒரு கூட்டம் இருக்கு. இதுல பாரு, ஒரு டார்ச், ஒரு பழைய பெட்ஷீட். ஆனா ஆளு எப்படி மெனக்கெட்டிருக்கான்" என்பார். கதவு தானாகத் திறந்தால், நூல் எங்கே கட்டியிருக்கிறது என்று தேடுவார். கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு நல்ல தூக்கம்.

பல்லக்கா போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிப்பார். படத்தைப் பார்க்க மாட்டார். சத்தம் மட்டும் காதில் விழும். அதைக் கேட்டு அவர் மனத்துக்குள் கட்டிக்கொண்ட பேய்கள், திரையில் வந்தவற்றைவிட மோசமானவை.

தெருமுனையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருநாள் முற்பகலில் அந்தப் பின்பக்க அறைக்கு வந்தார். போட்டோ பிரிண்ட் ஆகும் நேரத்தில் காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று அவர் தாமே பேய்க்கதைகள் எழுதி, தாமே அச்சடித்து, மெல்லிய புத்தகங்களாகத் தைத்துக் கல்லாமேஜையில் அடுக்கியிருப்பார். அத்தனை புத்தகமும் பல்லக்கா வீட்டு அலமாரியில் இருந்தன, கணவர் புண்ணியத்தில். கதைகளைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து இணையத்தில் போடுவதும் உண்டு.

"அக்கா, ஒரு செட் பல்லு வேணும்."

"டாக்டர்கிட்ட அளவு குடுத்தீங்களா?"

"எனக்கில்லக்கா. பேய்க்கு."

பல்லக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பேய் எப்போ வந்து அளவு குடுக்கும்?"

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று ஸ்டுடியோக்காரர் நகர்ந்து நின்றார். பின்னால் அவருடைய மைத்துனி நின்றிருந்தாள். கூரியர் கம்பெனியில் பார்சல் கட்டுகிறவள். வேலையிலிருந்து நேராக வந்ததில், பேக்கிங் டேப் சுருள் ஒன்று அவள் மணிக்கட்டில் வளையல் மாதிரி கிடந்தது.

இந்த முறை முழுநீளப் படம் என்றார் ஸ்டுடியோக்காரர். பெயர் 'முன்பு குடியிருந்தவள்'. கதையையும் நின்றபடியே சொன்னார். ஒரு பெண் தனியாக ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வருகிறாள். முன்பு அங்கே இருந்தவள் செத்துப்போய்விட்டாள், ஆனால் அது அவளுக்கே தெரியாது. தினமும் எழுந்து வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அவ்வளவுதானா?" என்றார் பல்லக்கா.

"அவ்வளவுதான். கடைசியில ஒரே ஒரு தடவை சிரிக்கணும். அந்தச் சிரிப்புல ஜனங்க அலறணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

டாக்டரிடம் கேட்டதற்கு அவரும் ஒத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் மைத்துனிக்கு அளவெடுத்துக் கொடுத்தார். முதலில் செய்த செட் சரிப்படவில்லை. எவ்வளவு கோணலாக வைக்கப் பார்த்தாலும் கை கேட்கவில்லை; பழக்கதோஷத்தில் வரிசைக்கு வந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப லட்சணமா இருக்குக்கா. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு ரெடியான பேய் மாதிரி இருக்கு."

இரண்டாவது தடவை பல்லக்கா மிச்சம்மீதிப் பற்களை வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்தார். கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்தார், நிறம் சேராதவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், பின்னால் இன்னொரு வரிசை வைத்தார், எல்லாவற்றையும் டீ டிக்காஷனில் ஊறப்போட்டார். வாழ்நாளெல்லாம் ஒழுங்குபடுத்தியே பழகிய கைக்கு அப்படி ஒரு குதூகலம். செய்து முடித்ததும் பார்க்கச் சகிக்காமல் டப்பாவில் போட்டு மூடினார். வீட்டில் கணவர் மூடியைத் திறந்து பார்த்து, "ஐயோ, அருமை" என்றார். அது அவரிடமிருந்து அடிக்கடி வருகிற பாராட்டு இல்லை.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமைகளில். கணவர் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி வீடு காலியாகக் கிடந்தது. உரிமையாளரிடம் பேசிச் சாவி வாங்கிக் கொடுத்தவர் கணவர்தான். பட்டப்பகலில் எல்லா ஜன்னலையும் அட்டையாலும் கறுப்புத் துணியாலும் அடைத்தார்கள். மின்விசிறி போட்டால் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வெந்நீர் அண்டா மாதிரி புழுங்கியது. ஸ்டுடியோக்காரர் சக்கர நாற்காலி ஒன்றில் கேமராவோடு உட்கார, கணவர் பின்னாலிருந்து தள்ளினார். அலுவலகங்களில் இருக்குமே, அந்தச் சுழல் நாற்காலி. தள்ளுவது யார் என்று கேட்டால் "கேமரா டிபார்ட்மென்ட்" என்று சொல்லிக்கொண்டார். குடிவரும் பெண்ணாக நடித்தவர் ஸ்டுடியோக்காரரின் மனைவி. ரத்தம் சர்க்கரைப் பாகில் சிவப்பு நிறம் கலந்தது.

பல்லக்கா பல் டப்பாவோடு வந்திருந்தார். பல்லை மாட்டிக் கழற்றுவதற்கு ஆள் வேண்டுமே.

காலையில் விளக்கு சரிபார்க்கும்போது மைத்துனி இன்னும் வந்து சேரவில்லை. "அக்கா, அந்தக் கோடியில சும்மா கொஞ்சம் நில்லுங்க. பேய் நிக்கற இடம். ஃபோகஸ் பார்த்துக்கறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். பல்லக்கா போய் நின்றார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தது. அது கொதித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தபடியே நின்றார். போதும் என்றதும் வந்துவிட்டார்.

மைத்துனி வந்தாள், வெள்ளை நைட்டி போட்டாள், பல்லை மாட்டினாள். அதோடு அன்றைய வேலை படுத்துவிட்டது. அவள் சொல்லவேண்டிய ஒரே வசனம், "வாங்க, உள்ளே வாங்க." பல்லோடு அது "வாழ்ழ, உழ்ழ வாழ்ழ" என்று வந்தது. எச்சில் வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், பல் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார்கள். ஈறு உறுத்தியது. பல்லக்கா அரத்தால் தேய்த்து வழித்துக் கொடுத்தார். மறுபடி எடுத்தார்கள். அதற்குள் சர்க்கரைப் பாகைத் தேடி எறும்புகள் வந்துவிட்டன. நைட்டியின் விளிம்பில் ஒன்று ஏறி, அப்புறம் ஒரு வரிசையே ஏறியது. மைத்துனி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பல்லைக் கழற்றிப் பல்லக்கா கையில் மரியாதையாகக் கொடுத்தாள்.

"மாமா, கோச்சுக்காதீங்க. நான் பார்சல் ஒட்டியே பொழைச்சுக்கறேன்."

அவள் போன பிறகு மிச்சமிருந்தவர்கள் தரையில் செய்தித்தாள் விரித்து, டீயை வைத்துக்கொண்டு, அன்று எடுத்ததை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். முதலில் வந்தது காலையில் விளக்குக்காக எடுத்த துண்டு.

நீளமான நடைபாதை. பாதி இருட்டு. கோடியில் ஒரு பெண் நிற்கிறாள். மேக்கப் இல்லை, சாதாரண உடை. ஒரு கை வாயை மூடியிருக்கிறது. இடப்பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், அங்கே என்னவோ நடக்கப்போகிறது என்பது போல. பிறகு மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். கை மட்டும் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

டீ டம்ளர்கள் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றன.

"தம்பி, அதை அணைச்சிடுங்க" என்றார் கணவர். வழக்கமான குரல் இல்லை.

ஸ்டுடியோக்காரர் அணைக்காமல் இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு பல்லக்காவின் பக்கம் திரும்பினார். "பல்லே வேணாம்கா. நீங்க நின்னா போதும்."

பல்லக்காவுக்கு, இத்தனை நாள் ஒளித்து வைத்ததைத் திரைச்சீலை விலக்கி நாலு பேர் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. "இவ்வளவு நாளா இதே மூஞ்சியோடதான் கடை கண்ணிக்குப் போயிட்டு வர்றேன். ஒருத்தரும் அலறலையே" என்றார் சாதாரணமாக. பையை எடுத்துக்கொண்டார். லிஃப்டுக்காகக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பல்லக்கா பாத்திரம் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தார். கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். போனைக் கையில் எடுக்கவில்லை.

"எதுக்கு அணைக்கச் சொன்னீங்க?" என்று திரும்பாமல் கேட்டார் பல்லக்கா.

"சும்மாதான்."

"பயந்துட்டீங்க."

கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆமா. பயந்துட்டேன்" என்றார். "முதல்ல அது யாருன்னு தெரியல. நீதான்னு தெரிஞ்ச அப்புறம்தான் பயம் வந்துச்சு. இத்தனை வருஷம் கூடவே இருக்கேன். நீ சிரிச்சு நான் முழுசா பார்த்தது இல்லன்னு அப்பத்தான் உறைச்சுது. உன் கையைத்தான் பார்த்திருக்கேன்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பல்லக்கா அதை மூடினார்.

"அசிங்கமா இருந்தேனா?"

"சேச்சே. தனியா இருந்த."

அந்த ஒரு வார்த்தை பல்லக்காவை விடவில்லை. மறுநாள் மெழுகில் பல் நிறுத்திக்கொண்டிருக்கும்போதும் அந்தத் துண்டுப் படம் மனத்துக்குள் ஓடியது. யோசிக்க யோசிக்க ஒன்று புலப்பட்டது. நடைபாதைக் கோடியில் நின்றவள் யாரையும் பயமுறுத்தவில்லை. அவள்தான் பயந்துபோய் நின்றிருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டுடியோவுக்குப் போனார். ஸ்டுடியோக்காரர் ஒரு குழந்தையைக் கண் சிமிட்டாமல் உட்கார வைக்கப் போராடிக்கொண்டிருந்தார். அது முடியும்வரை காத்திருந்துவிட்டுப் பல்லக்கா கேட்டார்.

"நான் நிக்கறேன். ஆனா ஒண்ணு கேட்கணும். அவ ஏன் வாயை மூடிக்கறா?"

"தெரியலக்கா. தெரியாததுதான் பயம்."

"எனக்குத் தெரியும். புதுசா வந்தவ தன்னைப் பார்த்துச் சிரிச்சிடுவாளோன்னு அவளுக்குப் பயம்."

ஸ்டுடியோக்காரர் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "அப்போ கடைசியில?"

"கையை எடுத்துட்டுச் சிரிக்கணும். என் பல்லோடயே."

"ஜனங்க அலற மாட்டாங்களேக்கா."

"அதுக்கு முன்னாடியே வேணும்கிற அளவு அலற வெச்சுக்குங்க" என்றார் பல்லக்கா.

பேய் வேலை அவருக்கு நன்றாகவே வந்தது. அசையாமல் நிற்பது சுலபம். அவருடைய தொழிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற தொழில். குதிகால் தரையில் படாமல் நடக்கவும் பழகினார். புதிதாக வந்தவள் கலைத்துப் போட்ட செருப்பை ஒழுங்காக வைக்கும் பேய், மூடாமல் விட்ட குழாயை மூடும் பேய். "வீட்டுலயும் இதைத்தானே பண்றேன். பேய்க்கும் எனக்கும் பெரிசா வித்தியாசம் இல்ல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

கடைசிக் காட்சியில்தான் மாட்டிக்கொண்டார். கை இறங்க மறுத்தது. மோவாய்வரை வரும், திரும்பப் போய்விடும். இன்னொருவர் கையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. "அவசரமில்லக்கா" என்றார் ஸ்டுடியோக்காரர், ஆனால் விளக்குச் சூட்டில் எல்லோருக்கும் சட்டை நனைந்திருந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டு, ஆண்கள் இருவரும் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே பல்லக்காவும், எதிரே குடிவந்த பெண்ணாக ஸ்டுடியோக்காரரின் மனைவியும் மட்டும்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டுடியோக்காரரின் மனைவி கழுத்தில் எறும்பு ஒன்று ஏறியது. படத்தைக் கெடுக்கக் கூடாது என்று பொறுத்துப் பார்த்தவர், தாங்க முடியாமல் அதைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டதைச் சமாளிக்க, கதையில் இல்லாத ஒரு வரியைக் கதைக்குள் இருப்பவள் குரலிலேயே கேட்டார்.

"ஏங்க, நீங்க இருந்தப்பவும் இந்த வீட்டுல இவ்வளவு எறும்பு இருந்துச்சா?"

பல்லக்கா சிரித்துவிட்டார். வயிறு குலுங்கும் சிரிப்பு. கை வயிற்றைப் பிடித்துக்கொள்ளப் போனது. வாயை மூட அதற்கு நேரமில்லை. உடைந்த பல், ஏறிய பல், எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெரிய, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எதிரே இருந்தவரும் சிரித்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றார் என்று ஸ்டுடியோக்காரர் பிற்பாடு சொன்னார். கதவைத் திறக்கவில்லையாம். நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஒரு சின்னத் திரையரங்கில் காலை வேளை ஒன்றைப் பிடித்துப் படத்தைத் திரையிட்டார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள், கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, டாக்டரும் அவரிடம் பல் கட்டிக்கொண்ட சிலரும் வந்தார்கள். பல்லக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் முன்னால் இருந்த தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதைக் காட்சியில் அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் பின்வாங்கின. ஒரு பெரியவர் "அம்மாடி" என்று வாய்விட்டுச் சொன்னார். அவர் வாயில் இருந்தது பல்லக்கா செய்த செட். தான் கட்டிய பல்லைத் தானே கிட்டிப்போக வைக்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. எறும்புக் கேள்வி. சிரிப்பு. அரங்கில் யாரோ ஒருவர் சிரித்தார், அது பரவியது, பின் தானாக அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்துவது கேட்டது.

வெளியே படிகளில் ஆளுக்கொரு பேச்சு. "சூப்பரா போயிட்டிருந்துச்சு, கடைசியில பேயைக் கெடுத்துட்டாங்க" என்று இரண்டு இளைஞர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மூக்கைச் சிந்திய பெண் பல்லக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ இனிமே வரமாட்டான்னு அந்தச் சிரிப்புலதான் தெரிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இணையத்தில் போட்ட பிறகும் இதே சண்டைதான். பேய் சிரிக்கலாமா, கூடாதா என்று முகம் தெரியாதவர்கள் அடித்துக்கொண்டார்கள். ஸ்டுடியோக்காரரே ஆடிப்போய், சிரிப்பை வெட்டிவிட்டு இன்னொரு முடிவு சேர்த்துப் பார்த்தார். சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அழித்துவிட்டார். "பயமாத்தான் இருக்குக்கா, ஆனா யாரோ எடுத்த படம் மாதிரி இருக்கு" என்றார்.

படம் ஓஹோ என்று போகவில்லை. ஆனால் பேய்ப்படப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் எங்கெங்கோ இருக்கிறது அல்லவா, அவர்களிடம் மெதுவாகப் பரவியது. காய்கறிக் கடையில் கல்லூரிப் பெண்கள் இருவர் பல்லக்காவை அடையாளம் கண்டு, சேர்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். "கையை வாயில வைங்க ஆன்ட்டி" என்றார்கள். எந்தக் கை என்று பல்லக்காவுக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. இடதை வைத்து, தப்பென்று தோன்றி, வலதை வைத்தார்.

டாக்டரிடம் நாற்காலிப் பயத்தை ஒப்புக்கொண்டதும் அந்த நாட்களில்தான். டாக்டருக்கு நம்பவே முடியவில்லை.

"இத்தனை வருஷமா இங்கதானேக்கா இருக்கீங்க."

"பின்பக்கம்தானே டாக்டர் இருந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "சும்மா வந்து உட்காருங்க. நான் ஒரு கருவியையும் தொடமாட்டேன்" என்றார். ஒரு மதியம், நோயாளிகள் இல்லாத நேரத்தில், பல்லக்கா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். பிறகு மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டார். விளக்கு, தட்டு, வாய் கொப்பளிக்கும் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குமேல் அன்று ஒன்றும் நடக்கவில்லை. பல்லைச் சரிசெய்வதா என்பது வேறு விஷயம். பேயின் முகம் மாறிவிடும் என்று ஸ்டுடியோக்காரர் ஒருபக்கம் கவலைப்படுகிறார். பல்லக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

இப்போது இரண்டாவது படம் நடக்கிறது. கதையை ஸ்டுடியோக்காரரும் பல்லக்காவும் சேர்ந்தே கட்டினார்கள். இதில் கணவருக்குப் பிணம் வேஷம். கேமரா டிபார்ட்மென்டிலிருந்து நடிப்புக்கு உயர்த்தப்பட்டதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முகத்தில் மாவு பூசி, கட்டிலில் படுக்க வைத்து, வெள்ளைத் துணியால் தலைவரை மூடினார்கள். பல்லக்கா உள்ளே நடந்துவந்து துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் காட்சி.

"ஆரம்பிக்கலாம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

பல்லக்கா குதிகால் தரையில் படாமல் நடந்து வந்தார். துணியின் நுனியைப் பிடித்து விலக்கினார். வெளுத்த முகம். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அசைவே இல்லை. மாவுதான், தன் கையால் பூசிய மாவுதான் என்று தெரியும். இருந்தும் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்ட எந்தப் பேய்ச் சத்தத்திலும் இல்லாத ஒரு குளிர் உள்ளங்கையிலிருந்து ஏறியது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கணவரின் மூக்குக்கு அருகே காதை வைத்தார்.

மெல்லிய குறட்டை கேட்டது.

"அச்சச்சோ, தூங்கிட்டாரா?" என்று ஸ்டுடியோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "நீங்க குனிஞ்சது அற்புதமா இருந்துச்சுக்கா. இதை மறுபடி எடுக்கணும். எழுப்பட்டுமா?"

"வேணாம்" என்றார் பல்லக்கா. "நேத்தெல்லாம் லிஃப்ட் மேலயே நின்னிருக்காரு. கொஞ்சம் தூங்கட்டும்."

ஸ்டுடியோக்காரர் விளக்கை அணைத்தார். அவருடைய மனைவி போய் ஒரு ஜன்னலின் அட்டையை எடுத்துவிட, வெயிலும் காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன. எல்லோரும் சத்தமில்லாமல் டீ குடிக்க அடுத்த அறைக்குப் போனார்கள். பல்லக்கா போகவில்லை. துணியைக் கணவரின் மார்புவரை இறக்கிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிலடியில் கிடந்த வசனத் தாளால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.